எடைக்குப் போட்ட பெயர்கள்

சாந்தா ரொசாலியா சிற்றாலயத்துக்குப் புதுக் கூரை போட்டு முடித்தபோது, பழைய கூரை முழுக்கப் பின்பக்கத்து முருங்கை மரத்தடியில் குவிந்துவிட்டது. துருப்பிடித்த தகரங்கள், கடல் காற்று தின்ற ஜன்னல் கம்பிகள், மணிக்கூண்டைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டங்கள். கல்லறைத் திருநாளுக்குள் அதை அகற்றியாக வேண்டும். அன்றைக்கு மணிலாவிலிருந்தும் செபுவிலிருந்தும் ஆட்கள் ஊருக்கு வருவார்கள். கோயிலைச் சுற்றி இப்படிக் குப்பை கிடந்தால் நன்றாக இருக்காது.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பங்குச் சாமியார் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"யாருக்கு வேணா எடைக்குப் போடுங்க. ஆனா நாளைக்கு நாம தலைகுனியற மாதிரி ஆளுக்குப் போட்டுடாதீங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளாகக் கல்லறைத் தோட்டத்தில் வெண்கலப் பெயர்த்தகடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கல்லில் பதித்திருந்த தகட்டை யாரோ கடப்பாரையால் நெம்பி எடுத்து, எங்கேயோ கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார்கள். நெலியா டீச்சரின் மகன் ராமில் கடலில் மூழ்கி இறந்தவன். அவன் கல்லறையில் இப்போது நாலு ஓட்டைதான் இருந்தது. அந்தத் தகடுகளை வாங்குகிற கடைக்கே கோயில் இரும்பும் போய்ச் சேர்ந்தால் ஊர் காறித் துப்பும்.

"நான் பாத்துக்கறேன் ஃபாதர்," என்றாள் எர்மினியா.

யாரும் மறுக்கவில்லை. எர்மினியா பொறுப்பெடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. சந்தை முனையில் பேக்கரி வைத்திருந்தாள். கணவன் இறந்து, பிள்ளையும் இல்லாமல், விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவள். சில்லறை பாக்கியை மறந்து போகிறவனைத் தெருவரை ஓடிக் கூப்பிட்டுக் கொடுப்பாள். அதே கண்டிப்பை மற்றவர்களிடமும் எதிர்பார்ப்பாள். அது தவறினால் கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொல்லிவிடுவாள்.

ஊரில் பழைய இரும்பு வாங்கும் கடை இரண்டு. முதலில் ஆற்றோரத்தில் இருந்த பெர்லாவின் கடைக்குப் போனாள்.

பெர்லாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆண்கள் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக, கயிற்றில் கட்டிய காந்தத்தைப் பாத்திரங்கள் மேல் தொட்டுத் தொட்டுப் பார்த்து இரும்பு வேறு, அலுமினியம் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எர்மினியாவைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"வாங்கக்கா. நீங்க வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

வியாபாரிகள் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் என்று எர்மினியா நினைத்துக்கொண்டாள்.

"கோயில் பழைய இரும்பு கெடக்கு. லாரி அனுப்புவியா?"

"கோயில் இரும்பா?" பெர்லாவின் முகம் மாறியது. "அதுக்காகவா வந்தீங்க?"

"பின்ன? உன் கடைக்கு மீன் வாங்கவா வருவாங்க?"

பெர்லா சிரிக்கவில்லை. "சரிக்கா. இது யாரோட சரக்கு, யார் விக்கச் சொன்னாங்கன்னு சாமியார் கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணு வேணும். உங்க அடையாள அட்டையும் பாக்கணும்."

"எங்கிட்டயா கேக்கற?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க வீட்டு ஆளுங்க வந்தாலும் கேக்கறேன்."

"எங்க வீட்டு ஆளுங்களுக்கு இங்க என்னடி வேலை?"

பெர்லா ஓரடி கிட்டே வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட வேற ஏதாவது பேசணுமாக்கா?" என்றாள்.

எர்மினியாவுக்குக் காது சூடேறியது. மெல்லக் கேட்டது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தன்னைத் திருடி என்று நினைக்கிறாள், அதிலும் பரிதாபம் வேறு படுகிறாள் என்று தோன்றியது. விறுக்கென்று திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை சூடான ரொட்டிக்காகக் கூட்டம் நின்றபோது அவள் ஆரம்பித்தாள். "நான் யாரையும் எதுவும் சொல்லலப்பா. ஆனா கோயில் வேலையா போனவகிட்டயே, 'யாரோட சரக்கு'ன்னு கேக்கறா அந்தப் பெர்லா. திருட்டுச் சரக்கு வாங்கிப் பழகின வாயிக்குத்தான அந்தக் கேள்வி வரும்?"

மீன்காரி லோலெங் கூடையை இறக்கி வைத்தாள். "அப்ப கல்லறைத் தகடெல்லாம்…?"

"நான் அதைச் சொன்னேனா? நீயாச் சொல்ற."

"நீங்க சொல்லல. ஆனா புரியுதுல்ல!" என்றாள் லோலெங். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எர்மினியா ரொட்டியை எண்ணிப் பையில் போட்டாள். பேச்சு ரொட்டியோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. அடுத்த நாள் வந்தவர்கள் அதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அதற்குள் சதை வைத்திருந்தது. பெர்லா இரவில் உலை மூட்டித் தகடுகளை உருக்குகிறாளாம், எழுத்துகளைச் சுத்தியலால் தட்டி அழிக்கிறாளாம். எர்மினியா "அப்படியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இல்லை என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

வாரக் கடைசியில் ஆற்றோரமாகப் போனபோது, பெர்லாவின் கதவில் கரியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது தெரிந்தது: செத்தவங்க பேரைத் தின்கிறவ. பெர்லா ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி பரவி இன்னும் அசிங்கமானது. எர்மினியாவுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் கணத்தைப் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

அடுத்து எர்மினியா போனது நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த நெஸ்டரின் கடைக்கு. தரை முழுக்க ஓடு பதித்த ஆபீஸ், மின்விசிறி, லாரி ஏற்றி நிறுத்தும் எடைமேடை. நெஸ்டர் மணக்க மணக்க செண்ட் போட்டிருந்தான். குளிர்பானம் வரவழைத்தான்.

"பேப்பர் ஏதாவது வேணுமா?" என்று எர்மினியாவே கேட்டாள்.

"உங்ககிட்டப் போய் பேப்பர் கேக்கறதாக்கா? உங்க முகம் போதும் எனக்கு."

நெஞ்சு நிமிர்ந்தது அவளுக்கு. ஆளைப் பார்த்து மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தாள். லாரி வரக் கொஞ்சம் நேரமாகும் என்றான். அவள் குளிர்பானத்தை வைத்துவிட்டு, கொட்டகைக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தாள். தராசு எப்படி இருக்கிறது, சரக்கை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்துவைத்தால் கமிட்டியில் சொல்லலாம்.

செம்புக் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை மாவுச் சாக்கு சாய்ந்திருந்தது. அதில் நீல மையில் ரொட்டிக்கூடைப் படமும் 'எர்மினியா பேக்கரி' என்ற எழுத்தும் இருந்தன. அந்த முத்திரையைக் காலிச் சாக்குகளில் குத்துகிறவள் அவள்தான், வேறு யாரும் எடுத்துப் போகக் கூடாதென்று. சாக்கின் வாய் திறந்திருந்தது. உள்ளே வெண்கலம் மின்னியது. மேலே கிடந்த தகட்டை எடுத்தாள். விளிம்பில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. ராமில் என்ற பெயரும், அவன் பிறந்த நாளும், கடலில் போன நாளும் இருந்தன.

சாக்கை மூடிவிடலாம், பார்க்கவே இல்லை என்று வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். நெஸ்டர் பின்னால் வந்து நின்றான்.

"அட, அது உங்க வீட்டுச் சரக்குதானக்கா. உங்க தம்பி டெல்ஃபின் போட்டது. இன்னும் கொண்டுவர்றேன்னு சொன்னான்."

"உனக்குத் தெரியலையா இது என்னன்னு?"

"எனக்கு வெண்கலம், அவ்வளவுதான். பேக்கரி முத்திரை இருந்துச்சு, சரி, அக்காவுக்குத் தெரிஞ்சுதான் வருதுன்னு நெனச்சேன்." அவன் உரிமையோடு சிரித்தான். "குடும்பமே நம்ம வாடிக்கை! நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நம்மகிட்ட அந்த வசதி உண்டு."

கொஞ்ச நேரத்துக்கு முன் 'உங்க முகம் போதும்' என்று அவன் சொன்னது எந்த முகத்தை என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"இந்தச் சாக்கு எனக்கு வேணும்."

"எடைக்கு வாங்கினது. எடைக்கே எடுத்துக்கோங்க."

அவன் சாக்கைத் தராசில் ஏற்றினான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பர்ஸை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வழியில் நின்ற வண்டிக்காரன், "என்னக்கா, மாவா? நான் தூக்கறேனே," என்றான். "வேண்டாம்," என்றாள். அவன் கை அதன் மேல் படுவதைக்கூட அவளால் தாங்க முடியாது போலிருந்தது.

டெல்ஃபின் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். தாய் போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தான். போனிலேயே சேவல் சண்டைக்குப் பணம் கட்டலாம் என்று வந்ததிலிருந்து கையில் காசு நிற்கவில்லை. அவள் போனபோது வாசலில் குந்தி சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சாக்கை அவன் முன்னால் போட்டாள். சத்தமே போதுமாயிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"ஏன்டா?"

"என்ன சொல்லச் சொல்றக்கா?"

"ராமிலோடதையும் எடுத்திருக்க. அவனும் நீயும் ஒண்ணா நீச்சல் பழகினவங்கடா."

டெல்ஃபின் எண்ணெய்க் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். "இருட்டுல பேரைப் பாக்கலக்கா. பாக்கவும் பிடிக்கல." கொஞ்சம் கழித்து, "உங்கிட்ட வந்தேன்ல ஒருநாள்? கடையில அத்தனை பேர் இருக்க, 'வந்துட்டான் பாரு, சேவலுக்கு மாமூல் கட்டறவன்'ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் உங்கிட்டக் கேக்க முடியல."

"அதுக்காகக் கல்லறையில கை வெப்பியா?"

"அதுக்காகன்னு சொல்லல. நடந்ததைச் சொல்றேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

"மொதல்ல பெர்லாகிட்டதான் போனேன். ஒரு தகட்டைப் பாத்ததும் சாக்கை மூடி எங்கிட்டயே குடுத்துட்டா. 'உங்க அக்காவை வரச்சொல்லு, அவங்ககிட்ட நான் பேசறேன், எல்லாத்தையும் திரும்ப வெச்சுடலாம்'னு சொன்னா. அக்காகிட்டச் சொல்றேன்னு சொல்லிட்டு நெஸ்டர்கிட்டப் போயிட்டேன்."

எர்மினியா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நீங்க வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கிட்ட வேற ஏதாவது பேசணுமாக்கா. அந்தக் கேள்விகள் இப்போதுதான் அவள் காதில் ஒழுங்காக விழுந்தன.

அன்று மாலையே ஆற்றோரத்துக்குப் போனாள். பெர்லாவின் கடை முற்றம் காலியாக இருந்தது. வழக்கமாகத் தள்ளுவண்டியில் பழைய சாமான் கொண்டுவருகிறவர்கள் ஒருவரும் இல்லை. பெர்லா ஒரு பழைய குளிர்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"தகடெல்லாம் கெடைச்சிடுச்சு," என்றாள் எர்மினியா. "என் தம்பிதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் நீ வாயைத் திறக்கல? நான் ஊரெல்லாம் உன்னைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"யாருகிட்டப் போய்ச் சொல்றது? பழைய இரும்புக்காரி சொல்றதை நம்புவாங்களா, பேக்கரி அக்கா சொல்றதை நம்புவாங்களா?" பெர்லா திருப்புளியைக் கீழே வைத்தாள். "தம்பி எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிட்டான்னு நெனச்சேன். அவனைக் காப்பாத்தத்தான் பழியை எம்மேல போடறீங்கன்னு நெனச்சேன். எனக்கும் கூடப் பொறந்தவன் இருக்கான். சரி, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவங்க, வேற என்ன செய்வாங்கன்னு விட்டுட்டேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது பெர்லா. இன்னைக்குத்தான் தெரியும்."

பெர்லா அவளை நேராகப் பார்த்தாள். "அப்ப ஒண்ணுமே தெரியாமத்தான் சொன்னீங்களா?"

எர்மினியா ஆமென்று தலையசைத்தாள்.

"இது அதைவிட மோசம்க்கா," என்றாள் பெர்லா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திருப்புளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது? எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறா. அங்க பசங்க, 'உங்கம்மாவை வாயைத் திறக்கச் சொல்லு, பேரு இருக்கான்னு பாக்கலாம்'ங்கறாங்களாம். எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை பேக்கரியில் வழக்கம் போலக் கூட்டம் நின்றது. எர்மினியா ரொட்டித் தட்டை வெளியே கொண்டுவரவில்லை. கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். முதல் வாக்கியம் வருவதற்குள் வியர்த்துவிட்டது. "பெர்லாவைப் பத்தி நான் சொன்னது பொய். தகடு எடுத்தது என் தம்பி டெல்ஃபின். அவ வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பியிருக்கா."

சிரிக்கிற கூட்டம் அது. அன்று யாரும் சிரிக்கவில்லை. லோலெங் மட்டும், "நான்கூட நீங்க சொன்னதைத்தான…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஒருவர் ரொட்டி வாங்காமலே போனார். அது அவளுக்கு வசவைவிடச் சுட்டது.

ஊர்த் தலைவர் அலுவலகத்தில் தகடு இழந்த குடும்பங்களைக் கூட்டினார்கள். டெல்ஃபின் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டான். சிலர் போலீசுக்கு அனுப்பச் சொன்னார்கள். கடைசியில், அவனே ஒவ்வொன்றையும் திரும்பப் பதிக்க வேண்டும், திருநாள் முடியும்வரை கல்லறைத் தோட்டத்தை அவன்தான் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று முடிவானது. நெஸ்டரின் கடைக்குப் போலீஸ் போனது. தான் பார்த்துவந்த கமிட்டிக் கணக்கைச் சாமியாரிடம் எர்மினியா ஒப்படைத்து விலகிக்கொண்டாள். அவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வார் என்று அவள் மனசின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது போலும். அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்து வெட்கப்பட்டாள். கோயில் இரும்பைச் சாமியாரே கையெழுத்துப் போட்டுப் பெர்லாவுக்குக் கொடுத்தார்.

டெல்ஃபின் சிமெண்ட் குழைத்தான். எர்மினியா தகட்டைப் பிடித்துக்கொண்டாள். ராமிலின் கல்லறைக்கு வந்தபோது நெலியா டீச்சர் குடையோடு நின்றிருந்தாள். வேலை முடிந்ததும் தன் கைக்குட்டையால் எழுத்துகளுக்கு நடுவே ஒட்டியிருந்த சிமெண்டைத் தானே துடைத்தாள். எர்மினியா உதவிக்குக் குனிந்தாள். "நான் பாத்துக்கறேன்," என்றாள் டீச்சர். அவ்வளவுதான்.

திருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பேக்கரி அடுப்புக்கு ஒரு பாகம் வாங்க எர்மினியா இலோயிலோ நகரத்துக்கு ஜீப்னி வண்டி ஏறினாள். நீள பெஞ்சு இரண்டிலும் ஆட்கள் முழங்கால் இடிக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, எதிரே கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த பெண் வெளியே கைகாட்டினாள்.

"அதோ தெரியுது பாருங்க, அந்த இரும்புக் கடை. அங்க மட்டும் எதையும் போட்டுடாதீங்க. கடைக்காரி கல்லறையிலேருந்து பேரைத் திருடி உருக்கறவளாம்."

"யார் சொன்னா?" என்றாள் எர்மினியா.

"எல்லாரும் சொல்றாங்க. இங்க ஏதோ பேக்கரிக்காரியாம், ரொம்ப நேர்மையானவளாம். அவளே கண்ணால பாத்தாளாம்."

ஜீப்னியில் பேச்சு ஓய்ந்து எல்லோரும் காது கொடுத்தார்கள். எர்மினியா பையை இறுக்கிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இந்த வண்டியில் அவளை அறிந்தவர் ஒருவரும் இல்லை. கழுத்திலிருந்து நெற்றிவரை சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது.

"அந்தப் பேக்கரிக்காரி நான்தான்," என்றாள். "நான் எதையும் பாக்கல. கோபத்துல சொன்னது. பொய். திருடினது என் கூடப் பொறந்த தம்பி. அந்தக் கடைக்காரி வாங்க மாட்டேன்னு அவனைத் திருப்பி அனுப்பினவ."

கோழி ஒன்று கூடைக்குள் படபடத்தது. யாரோ இருமினார்கள். எதிரே இருந்தவள் கூடையின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எர்மினியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயய்யோ. நான் எங்க தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேனே."

"எந்த ஊரு நீங்க?"

அவள் அடுத்த ஊரின் பெயரைச் சொன்னாள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற தெரு, இதோ வரப்போகிறது என்றாள்.

வண்டி நின்றது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இலோயிலோ இன்னும் தூரத்தில் இருந்தது. எர்மினியா அங்கேயே இறங்கிக்கொண்டாள்.

"மொதல்ல எந்த வீடு?" என்று கேட்டுக்கொண்டே அவளோடு நடந்தாள்.